கடைசி ஐந்து பெயர்கள்: சிறுதொழில் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் முப்பத்திரண்டு மெஷின்களுடன் பவர்டேபிள் நடத்துகிறேன். பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஒவ்வொரு டெய்லரும் எத்தனை பீஸ் முடித்தார் என்பதைச் சூப்பர்வைசர் மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதி வருகிறார். கல்லூரி முடித்து வந்த என் மகன் அதை டேப்லெட்டில் ஏற்றி, மாதந்தோறும் கடைசியில் நிற்கும் ஐந்து பேரை அனுப்பிவிட்டுப் புதியவர்களை எடுக்கலாம் என்கிறான். மூன்று வார நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். அவன் சொல்வது சரியா?
– திருப்பூர் வாசகர்

பதில்: உங்கள் மகன் கேட்கும் கேள்வியில் தவறில்லை. ஆனால் அவர் கையில் எடுத்திருக்கும் எண்ணால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வாரத்தில் கடைசியில் நின்ற ஐந்து பேரில் நான்கு பேர் மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தில் இல்லை. அவர்களில் ஒருவர் மேலிருந்து எட்டாவது இடத்துக்கே வந்துவிட்டார். முதல் வாரக் கணக்கை நம்பி ஆட்களை அனுப்பியிருந்தால், மூன்றாவது வாரத்தில் உங்களுக்கு நன்றாகத் தைத்துக் கொடுத்தவரையும் சேர்த்தே அனுப்பியிருப்பீர்கள்.

1950-ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குத் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்திய அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டை நடத்திக் காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள் இருக்கும். அவற்றில் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழிகள் உள்ள ஒரு துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும்; வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு மணி கழிவு. ஒருவர் ஐந்து சிவப்பு மணிகளோடு எடுப்பார், இன்னொருவர் பதினைந்தோடு எடுப்பார். ஐந்து எடுத்தவரைப் பாராட்டி, பதினைந்து எடுத்தவரைக் கண்டித்து, அடுத்த சுற்றில் கண்டிக்கப்பட்டவர் நல்ல எண்ணிக்கை காட்டியதும், கண்டித்ததால்தான் திருந்தினார் என்று டெமிங் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். ஐந்தில் ஒரு மணி சிவப்பாக இருக்கும் பெட்டியில் ஐம்பது மணிகளை எடுத்தால் சராசரியாகப் பத்து சிவப்பு வரும், அதற்கு மேலும் கீழும் நாலைந்து அசையும் என்பதைத் தவிர எடுத்தவரின் திறமைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. உங்கள் நோட்டில் உள்ளது முழுவதும் மணி விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் இடம் மாறும் அந்த நான்கு பெயர்களைப் பொறுத்தவரை அதுதான் நடந்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தோள் மூட்டுபவரையும், கழுத்துக்கு ரிப் (இழுபடும் துணிப்பட்டை) வைப்பவரையும், பேட்லாக் மெஷினில் பாட்டம் (கீழ் விளிம்பு) அடிப்பவரையும் ஒரே பட்டியலில் பீஸ் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். தோள் மூட்டுவது நொடிகளில் முடிகிற நேர்த்தையல். கழுத்து ரிப்பை இழுவிசை மாறாமல் வளைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வாரமும் கடைசி ஐந்துக்குள் நிற்கும் ஒரே பெயர் கழுத்து வைப்பவருடையது என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பெயருக்கு நேராக உங்கள் சூப்பர்வைசர் பென்சிலில் ‘ஆல்டர் இல்லை’, அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ் இல்லை என்று பதினோரு நாள் எழுதியிருக்கிறார். டேப்லெட்டில் ஏற்றும்போது உங்கள் மகன் அந்தப் பென்சில் குறிப்பை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்கென்று ஒரு கட்டம் அங்கே இருந்திருக்காது. உண்மையிலேயே மெதுவாகத் தைக்கும் ஒருவரும் பட்டியலில் இருக்கிறார். அவர் சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருக்கிறது, அவருடைய எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே அவருக்குத் தேவை இன்னும் இரண்டு வாரம்.

பெயர்வாரியாகப் படிப்பதை விட்டுவிட்டு மணிவாரியாகப் படித்தால் நோட்டு வேறு செய்தியைச் சொல்கிறது. செவ்வாய்க்கிழமைகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரை உள்ள பத்தியில் ஏறத்தாழ எல்லோருடைய எண்ணிக்கையும் ஒன்றாக விழுகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை மெதுவாகாது. பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வந்து சேரவில்லையா, நூல் கலர் மாறியதா, புது ஸ்டைல் ஏற்றினீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நோட்டில் காரணம் எழுத இடமே இல்லை. நாளையிலிருந்து ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, பண்டில் இல்லை, ஊசி உடைந்தது, கரண்ட் இல்லை, ஆல்டர் என்று நாலைந்து காரணங்களை ஒரெழுத்துக் குறியால் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு நான் கொடுக்க விரும்பும் வேலை வேறு. ஒவ்வொரு தையலுக்கும் ஆகும் நிமிடத்தைக் கடிகாரம் வைத்துப் பல முறை அளந்து, ஒரு முழு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்று கூட்டி எடுக்கட்டும். இருபது பேர் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 9,600 நிமிடம். ஒரு பீஸுக்குப் பத்து நிமிடம் என்று வைத்து அன்றைக்கு 480 பீஸ் வெளியே வந்திருந்தால் பயன்பட்டது 4,800 நிமிடம், அதாவது பாதி. மீதிப் பாதி எங்கே போயிற்று என்று தேடினால், அதில் பெரும்பகுதி டெய்லரின் கையில் இல்லாமல் மெஷினுக்கு வெளியே காத்திருந்த நேரமாக இருக்கும் என்பது என் ஊகம். அளக்கும்போது ஏன் அளக்கிறோம் என்று டெய்லர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் நிறுத்து கடிகாரத்தோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். திருப்பூரில் வேலைநிறுத்தமெல்லாம் நடக்காது. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், இருபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கைரேகை வருகைப் பதிவு இயந்திரம் வைத்த பிறகு, பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்து வருகிறேன். ஆனாலும் தாமதம் குறையவில்லை. விற்பனையாளர்களுக்கு பில் எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகை கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்து?
– ஈரோடு வாசகர்

பதில்: முதலில் அந்த அரை நாள் பிடித்தத்தை நிறுத்திவிடுங்கள்; அது சட்டத்துக்கு உட்பட்டதல்ல. மாதச் சம்பளம் 13,000 ரூபாய், வேலை நாள் 26 என்றால் ஒரு நாள் கூலி 500 ரூபாய். பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தவர் இழந்த வேலையின் மதிப்பு பன்னிரண்டரை ரூபாய்; நீங்கள் பிடிப்பதோ 250 ரூபாய். வராத நேரத்துக்கான பிடித்தம் அந்த நேரத்தின் அளவுக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அபராதம் என்ற பெயரில் பிடிப்பதற்குத் தனி விதிகள் உண்டு: எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பது அரசின் ஒப்புதலோடு முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்க வேண்டும், மொத்தம் அந்த மாதச் சம்பளத்தின் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உங்கள் கணக்கில் அது 390 ரூபாய். அந்தப் பணமும் கல்லாவுக்குப் போகக்கூடாது. தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும்.

தாமதம் ஏன் குறையவில்லை என்பதற்கான விடை அதே இயந்திரத்தில்தான் இருக்கிறது. யார் தாமதம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த ஊரிலிருந்து வருபவர்கள் தாமதம் என்று ஒரு மாதக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரே வழித்தடத்துப் பெயர்கள் ஒன்றாகக் கூடி நின்றால் காரணம் பஸ் நேரம். அவர்களுக்கு மட்டும் கால் மணி நேரம் தள்ளி வேலை தொடங்கி, இரவு கால் மணி நேரம் தள்ளி முடித்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். காலை ஒன்பதரைக்கு உங்கள் கடையில் எத்தனை வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்பதை பில் இயந்திரம் சொல்லும். எனக்குத் தெரிந்த எந்த ஜவுளிக்கடையிலும் அந்த நேரத்தில் கூட்டம் இருந்ததில்லை.

பில் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை கொடுக்க வேண்டாம் என்பேன். முகூர்த்தப் புடவைப் பிரிவில் நிற்பவர் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் புடவைகளை விரித்துக் காட்டி ஒரே ஒரு பில் போடுவார். கைக்குட்டைப் பிரிவில் நிற்பவர் அதற்குள் முப்பது பில் போட்டிருப்பார். எண்ணிக்கைக்குப் பணம் என்றதும் வாடிக்கையாளரை ஒருவரிடமிருந்து ஒருவர் பறிப்பதும், ஒரே வாங்கலை மூன்று பில்லாக உடைப்பதும் தொடங்கிவிடும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஊழியர்களுக்குக் கணக்குத் தொடங்கும் இலக்கை வைத்து நெருக்கியதில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கான கணக்குகள் தொடங்கப்பட்டது 2016-இல் வெளியே வந்தது. வங்கிக்கு 185 மில்லியன் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, ஏறத்தாழ 5,300 பேர் வேலையிழந்தார்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் தளம் முழுவதற்குமான மாத விற்பனையை வைத்து, அந்தத் தளத்தில் நிற்கும் எல்லோருக்கும் சமமாகக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ‘நின்று விற்பவர்கள்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்கள் எல்லோருக்கும் உட்காருவதற்கு இருக்கை வசதி செய்து தருவது கட்டாயமாகிவிட்டது.

கேள்வி: கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிக்கிறோம். என்னோடு ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு முன் ஆள் போதவில்லை. ஆனால் பத்தாவது ஆளைச் சேர்த்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிடும் என்று ஆடிட்டர் எச்சரிக்கிறார். சேர்க்கலாமா, வேண்டாமா?
– கோவில்பட்டி வாசகி

பதில்: அம்மா, அந்த எச்சரிக்கையை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.-க்கு முதலாளி கட்ட வேண்டியது சம்பளத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 விழுக்காடு. ஒருவருக்கு 10,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 325 ரூபாய். பத்துப் பேருக்கு மாதம் 3,250 ரூபாய். அதற்கு ஈடாக அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. தகுதி பெற்றவர்களுக்கு நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடும், பேறுகாலத்தில் 26 வாரம் முழுக் கூலியும் கிடைக்கின்றன. ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு விடை அந்த 3,250 ரூபாயில் இல்லை, உங்கள் ஆர்டர் நோட்டில் இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் மாதாமாதம் எத்தனை கிலோ கேட்டார்கள், எத்தனை கிலோ கொடுத்தீர்கள், ஆள் இல்லாததால் எத்தனை கிலோவுக்கு இல்லை என்று சொன்னீர்கள் என்று மூன்று வரிசையாக எழுதுங்கள். மூன்றாவது வரிசையைப் பெரும்பாலான சிறுதொழில்களில் யாரும் எழுதி வைப்பதில்லை. தொலைபேசியில் சொல்லி மறந்துவிடுகிறோம். இரண்டு மாதம் மட்டும் அந்த வரிசையில் எண் இருந்தால், பாகு காய்ச்சும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, உறை சுற்றுவதையும் பேக்கிங்கையும் மாலையில் வைத்துக்கொண்டு இருப்பவர்களை வைத்தே சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பத்தாவது ஆளை மட்டுமல்ல, பதினோராவது ஆளையும் எடுங்கள். உங்கள் ஊர் மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும்போது, இ.எஸ்.ஐ.-க்குப் பயந்து ஒன்பதிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: துவாக்குடியில் பேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். பதினான்கு பேர். வெல்டர்கள் நிற்பதே இல்லை. ஓராண்டில் ஆறு பேர் போய்விட்டார்கள். ஆட்களைத் தக்கவைக்க ஏதாவது மென்பொருள் இருக்கிறதா? பில் பணம் நான்கு மாதம் கழித்துத்தான் வருவதால், சம்பளத்தையும் இரண்டு தவணையாகத்தான் கொடுக்க முடிகிறது.
– திருச்சி வாசகர்

பதில்: கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். ஒரு தாளில் இடப்பக்கம் ஒவ்வொரு மாதமும் முழுச் சம்பளம் கொடுத்து முடித்த தேதியையும், வலப்பக்கம் ஒவ்வொரு வெல்டரும் நின்ற தேதியையும் எழுதிப் பாருங்கள். ஆறில் நான்கு பேராவது சம்பளம் இழுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் போயிருந்தால், சரிசெய்ய வேண்டியது ஆள் நிர்வாகம் அல்ல, வசூல்.

வசூலுக்குச் சட்டத்தின் துணை உங்களுக்கு உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும்; ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே மார்ச் மாதத்தில் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் எழுதினால் அது வேலை செய்கிறது. புகார் செய்வதென்றால் மத்திய அரசின் இணையதளம் வழியாகச் செய்யலாம். விசாரிக்கும் வசதியாக்கக் குழுமம் திருச்சியிலேயே இருக்கிறது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, வாங்கியவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனால் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை அவர் முதலில் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். பதிவு இலவசம், சரக்கு அனுப்புவதற்கு முன்பே அது கையில் இருப்பது நல்லது. வாங்கி விற்கும் வணிகர்களுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் உற்பத்தியாளர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

நிரந்தரமாக வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேல் யார்தான் புகார் எழுதுவார்கள் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அதற்கு ட்ரெட்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது: உங்கள் பில்லை அந்தத் தளத்தில் ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டதும், வங்கிகள் வட்டியைப் போட்டிபோட்டுக் குறைத்துக் கேட்டுப் பணத்தை உங்களுக்கு உடனே கொடுத்துவிடும், கெடு நாளில் வாங்கியவரிடம் வசூலிப்பது வங்கியின் பொறுப்பு. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டிருக்கிறது. பதிவு செய்திருந்தும் பில்லை ஒப்புக்கொள்ளாமல் இழுப்பவர்கள் உண்டு என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

கேள்வி: அம்பத்தூரில் ஒரு சிறு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். என் சொந்தக் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலியைப் போடச் சொல்கிறார்கள். இரவிலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுக்க எனக்கு உரிமை உண்டா?
– சென்னை வாசகி

பதில்: வேலை நேரத்தில், வேலைக்குத் தேவையான அளவுக்குக் கேட்பதை முற்றிலும் மறுப்பது கடினம். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரியங்களுக்குத் தனியாக ஒப்புதல் பெறாமலேயே பணியாளரின் தரவைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வைக்கப்பட்டுள்ளன. ஆனால் இரவு பத்து மணிக்கு நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பது வேலை தொடர்பான காரியம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. சண்டையாக எடுத்துச் செல்லாமல், பணி முடிந்ததும் செயலியை அணைத்துவிடுவதாகவும், வேண்டுமென்றால் நிறுவனமே ஒரு கைப்பேசி தரட்டும், அதை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்றும் எழுத்தில் கேளுங்கள். பல முதலாளிகள் இரவிலும் அது ஓடுவதே தெரியாமல் இருக்கிறார்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னைநார்த் தொழிற்சாலை நடத்துகிறோம். பதினெட்டுப் பேருக்கு 60,000 ரூபாயில் ஒரு பணியாளர் மேலாண்மை மென்பொருளை விற்க வந்திருக்கிறார்கள். வாங்கலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: மூன்று மாதம் பொறுங்கள். அதுவரை ஒரு நீள நோட்டில் வந்தவர்கள், ஓடிய மணி நேரம், மெஷின் நின்ற நேரமும் காரணமும், வெளியே போன நாரின் எடை ஆகிய நான்கையும் தினமும் மாலையில் எழுதுங்கள். ஒரு நாள்கூட விடாமல் எழுத முடிந்தால் வாங்குங்கள். வாங்கும்போது, அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினால் என் கணக்கை எக்செல் கோப்பாக முழுவதும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.